பெய்யாத மழைக்கு மூடிய உப்பு

இன்றைக்குப் பின்னேரம் உப்பு மூடும் பழைய தென்னோலைக் கிடுகுகளை எடுத்து வெயிலில் விரித்தோம். ஈரமும் பூஞ்சணமும் உப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். போனால்தானே வருவதற்கு. எனக்குக் கை ஓடவில்லை, அவ்வளவுதான். உப்புப் பாத்தி வரம்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் மூன்று சித்திரை ஆகிவிட்டது. சண்டை பிடிக்க நீ இல்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது.

யுத்தத்தில் வன்னியிலிருந்து ஆளுக்கொரு உரப்பையோடு புத்தளத்துக்கு வந்தவர்கள் நாங்கள். என் பையில் சட்டியும் உடுப்பும். உன் பையில் அவற்றோடு அட்டை கிழிந்த அந்தப் புத்தகமும் இருந்தது. போர்க்களத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனுக்குத் தேரோட்டியாக நின்ற கண்ணன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. பாலாவி உப்பளத்தில் பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் பாண் துண்டைப் பிய்க்கும்போது நீ அதைப் பிரிப்பாய். வேலை ஒரு வழி, அறிவு ஒரு வழி, பக்தி ஒரு வழி, மூன்றும் போய்ச் சேருவது ஓரிடம் என்பாய்.

"நாலாவது வழியும் ஒண்டு இருக்கு. சந்தியில கொழும்பு பஸ் ஏறுறது" என்பேன் நான்.

"எடியே, உனக்கு அறிவு சரிவராது, பக்தி கிட்டவும் வராது. உனக்கு வேலைதான் வழி. அதை ஒழுங்காச் செய். விளைவை அவனிட்ட விடு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. வீடு, வளவு, தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு, விளைவை நினைக்க வேண்டாம் என்பதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? குனிந்தேன், வாரினேன், சுமந்தேன். நிமிர்ந்து பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

எங்கள் களத்து வழக்கம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாரிக் குவித்த உப்பின்மேல் மழை விழுந்தால் அத்தனை பேரின் பாடும் கரைந்துபோகும். அதனால் வானம் இருட்டினால், குவியல் எல்லாவற்றையும் கிடுகால் மூடி முடியும்வரை ஒருவரும் களத்தை விட்டுப் போவதில்லை. போனவளை யாரும் ஏசமாட்டார்கள். அடுத்த நாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அன்றைக்குக் களப்புத் தண்ணீருக்கு மேலே வானம் கறுத்தது. நீ உப்புச் சுமந்த ஓலைக் கடகத்தை வைத்துவிட்டு வரம்பில் உட்கார்ந்தாய். "நெஞ்சு இறுக்குதடி" என்றாய். உன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உப்பு ஏற்ற வந்த, எங்களுக்கு அண்ணன் மாதிரியான லொறிக்கார நானா உன்னைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தங்கச்சிட முகம் சரியில்லையே. ஏறுங்க, நான் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் உடுறேன்."

நீ அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். போவோமா என்று கேட்ட பார்வை அது. இன்றைக்குத்தான் விளங்குகிறது என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அன்றைக்கே விளங்கியது.

"இன்னும் ரெண்டு கும்பிதான் நானா. மூடிப்போட்டு வாறம்" என்று உனக்கும் சேர்த்து நான் சொன்னேன். போதாததற்கு, "வேலையை விட்டிட்டுப் போனா உன்ர தேரோட்டி கோவிப்பார்" என்று பகிடியும் விட்டேன்.

நீ சிரித்தாய். "ஓம், மூடு மூடு" என்றாய்.

கடைசிக் கிடுகைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது நீ வரம்பில் சாய்ந்து கிடந்தாய். நானாவும் நானும் தூக்கி ஏற்றினோம். சந்தியைத் தாண்டும் முன்பே என் மடியில் உன் தலை கனத்துவிட்டது.

மழை பெய்யவில்லை. முகில் அப்படியே எலுவன்குளப் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு துளிகூட விழவில்லை.

செத்தவீட்டில் கோயில் ஐயா சொன்னார்: "கடமையில நிண்டபடியே போயிட்டா. ஆருக்குக் கிடைக்கும் இப்பிடியொரு சாவு?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

புத்தகத்தை உன் புருஷன் என்னிடமே தந்துவிட்டார். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். எது தன் கடமை என்று தெரியாமல் கலங்கியவனுக்குத்தான் அவ்வளவும் சொல்லப்பட்டிருக்கிறது. அவன் கேட்டான், திரும்பத் திரும்பக் கேட்டான். நான் கேட்கவில்லை. உப்பை மூடுவதா, உன்னைத் தூக்குவதா என்று ஒரு கணம்கூட நிற்கவில்லை. கையில் இருந்த வேலையையே கடமை என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பிழைக்கு அதில் எந்தப் பக்கத்திலும் ஆறுதல் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது யார் வரம்பில் உட்கார்ந்தாலும் கடகத்தை எறிந்துவிட்டு ஓடுகிறேன். போன கிழமை மதுரங்குளியிலிருந்து வரும், அக்கா என்பதை ராத்தா என்று சொல்லும் பிள்ளை ஒருத்தி காலில் குத்திய முள்ளை எடுக்க உட்கார்ந்தாள். அவளைப் பிடித்து உலுக்கி அழவைத்துவிட்டேன். "எனக்கு ஒண்டுமில்ல ராத்தா, முள்ளுதான்" என்று விக்கினாள். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று களத்தில் கதை. இருக்கலாம்.

பயனை நினைக்காமல் செய் என்றாய். முடியவில்லையடி. ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரேயொரு பயனைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன்: நிமிர்ந்து பார்க்கும் முகம் உன்னுடையதாக இருக்க வேண்டும்.