ரோமர் வீட்டுச் சுவர்

வண்ணார்பேட்டை,
ஐப்பசி 9.

அன்பு மகன் குருபிரசாத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே இத்தாலியில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

வீட்டில் போன் எப்போதும் அம்மா கையில்தான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மூன்று நாளாக நல்ல மழை. ஆறு கலங்கலாகப் போகிறது. குழாயிலும் அதே நிறம்தான். காய்ச்சிக் குடிக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தோண்டும் ரோமர் மாளிகையின் கடல்பக்கச் சுவர் சரிந்து, உன் வலது கையில் இரண்டு விரல் போனதை, நீ கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிறு நீ வீடியோவில் பேசி முடித்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா பிள்ளை வலது கையைக் காட்டவே மாட்டேங்கான். தண்ணி கிளாஸைக்கூட இடது கையாலதான் எடுக்கான். நீங்க சொல்லுதியளா, நான் அவன்ட்டயே கேக்கட்டுமா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அழவில்லை. வேறு யாருக்கும் அடியா என்று முதலில் கேட்டாள். பக்கத்தில் நின்ற கிழவரை நீ இழுத்துத் தள்ளியதால் அவர் தப்பினார் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது பார்த்தேன். இரண்டு விரலை மடக்கிக்கொண்டு மிச்ச விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தது. "பெசைய முடியுது. உருட்டத்தான் வரமாட்டேங்கு" என்றாள்.

உன்னை ஊருக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்த மாளிகையில் மீன் படம் போட்ட தரையைக் கடல் கொண்டுபோவதற்குள் பெயர்த்து எடுத்துவிடுவீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பங்குனி வரை வேலை இருக்கிறதாம் என்றேன்.

"அப்ப முடிச்சிட்டே வரட்டும். அவனா சொல்லுத வரைக்கும் நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட மாட்டேன். நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

சரி என்றுதான் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று, அவளுக்குக் கொடுத்ததும் இப்போது போகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு, போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அம்மாவைக் கும்பிடு. வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

காந்திமதியம்மை துணையிருப்பாள். தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
ஐயம்பெருமாள்