அண்ணியும் இரட்டைக் கார்புரேட்டரும்

அண்ணி,

உங்கள் பைக்குக்காக நான் வரவழைத்து, இன்று காலை கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற புது ரப்பர் இரண்டு உள்ளே இருந்தன. அடைந்து கிடந்த அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும், திண்டிவனத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் கோலியனூரில் உங்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்றுதான் உங்களிடம் பேசத் தோன்றுகிறது.

அண்ணன் மாரடைப்பில் போன பிறகு அவருடைய அந்த பைக் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். பழைய இரும்பு எடுப்பவர் வந்து விலை கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை ஊரே சொல்லிச் சிரித்தது. "எட்த்துக்கினு போங்க. ஆனா ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டு எட்த்துக்கினு போங்க." அவர் உதைத்துப் பார்த்துவிட்டு, கால் வலிக்க, வெறுங்கையோடு போனார்.

மறுநாள் எனக்குப் போன் செய்தீர்கள். "தம்பி, அந்தச் சத்தத்த ஒரு தபா கேக்கணும். வர்றீங்களா?"

நான் மல்லாட்டைக் கடலை மண்டியில் கணக்கு பார்க்கிறவன். பைக் மீது எனக்கு ஆசைதான் உண்டு, தொழில் தெரியாது. கழற்றிப் பார்த்தால், பழைய கார்புரேட்டர்களின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரித்துப்போயிருந்தது. அசல் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு கம்பெனி கார்புரேட்டர் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். போல்ட் ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீங்கள் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, எஞ்சின் வாயில் ஒரு காகிதத்தை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தீர்கள். எண்ணெய்க் கறையில் ஓட்டைகள் பதிந்தன. புது கார்புரேட்டருக்கும் அப்படியே. "ரவிக்கைக்கு அளவு ரவிக்கை வச்சி வெட்டற மாரிதான். இத லேத்துல குடுத்து நடுவுல ஒரு தகடு பண்ணச் சொல்லுங்க." விழுப்புரத்து லேத் பட்டறையில் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அலுமினியத் தகடு இரண்டு கடைந்து கொடுத்தார்கள்.

பூட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றுதான் ஒலக்கூரிலிருந்து உங்கள் தமையனாரும் வேனோடு வந்து இறங்கினார். கணவன் இல்லாத வீட்டில் தங்கை தனியாக இருக்கக் கூடாது என்பது அவர் முடிவு. கெட்டவர் இல்லை, பாசக்காரர். ஆனால் உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. "மெஷின வித்துடலாம். நம்ம வூட்ல சும்மா ஒக்காந்து சாப்புடு" என்றார். நீங்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "இது முடியட்டும்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

பூட்டி, பெட்ரோலைத் திறந்து உதைத்தேன். எஞ்சின் பிடித்தது, உடனே யாரோ துரத்துவதுபோல ரேஸ் ஏறிக் கத்திவிட்டு அடங்கியது. மறுபடியும் அதேதான். என் கணுக்கால் வீங்கிவிட்டது. "எங்கியோ காத்து புகுந்துகினு கீது அண்ணி. எங்கன்னுதான் தெரியல" என்றேன். தமையனார் வாட்சைப் பார்த்தார்.

நீங்கள் உள்ளே போய், இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலைக் கொண்டுவந்தீர்கள். "ஓடற வரைக்கும் ஓடட்டும், உதைங்க." அது கத்திய அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் அடித்தீர்கள். இடது பக்கத் தகட்டின் அடியில் பட்டதும் கத்தல் சட்டென்று தணிந்தது. தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்ட இடம் அதுதான். தகட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் தாளை உங்கள் கத்திரிக்கோலால் நீங்களே புதிதாக வெட்டினீர்கள். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

இப்போது எஞ்சின் அணையாமல் ஓடியது, ஆனால் நொண்டியது. ஒரு சிலிண்டர் முந்த, இன்னொன்று பின்தங்கியது. நீங்கள் வண்டிக்குப் பின்னால் குந்தி, சைலன்சர்களின் வாய்க்கு எதிரே பக்கத்துக்கொன்றாக இரண்டு உள்ளங்கையையும் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"வலது கைல பலமா தள்ளுது தம்பி. இடது சோம்பலா வருது."

நான் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிப்போச்சி. திரும்ப வாங்க. மெதுவா."

நூலளவு நூலளவாகப் பின்னுக்குத் திருப்பினேன். சத்தம் மாறியதை நானும் கேட்டேன். இரண்டு தனித்தனித் தட்டல்கள் நெருங்கி நெருங்கி, எந்த நொடியில் என்று சொல்ல முடியாமல், ஒன்றாகிவிட்டன. வெறும் இரும்பும் காற்றும் பெட்ரோலும் அப்படி ஒரு ஒழுங்குக்கு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. கண்ணைத் திறக்காமலேயே நீங்கள் சொன்னீர்கள்: "ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடுது."

கைக் கரியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நீங்கள் தமையனாரிடம் போனீர்கள். "நான் வர்லண்ணா. இங்கியே தெச்சிக்கினு இருக்கேன். ஒங்க வூட்டுக்கு விருந்தாளியா வர்றேன்." அவர் செருப்பைக் கழற்றிப் போட்டார். "சாப்பாடாச்சும் போடுவியா இல்ல பசியோட அனுப்பிடுவியா" என்றார். வேன் காலியாகத் திரும்பியது.

சத்தத்தை ஒரு முறை கேட்பதோடு நீங்கள் நிறுத்தவில்லை. கற்றுக்கொடுக்கச் சொன்னீர்கள். ஏரிக்கரைப் பாதையில் இரண்டு முறை விழுந்தீர்கள், முழங்கை தோல் உரிந்தது. பிறகு ஒருநாள் நான் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் விழுப்புரம் வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் அந்தச் சத்தம். தைத்த பள்ளிச் சீருடைகளைப் பின்சீட்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குக் கீழே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி, நீங்கள் எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனீர்கள். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸே எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது.

கண்டக்டர் குனிந்து எட்டிப் பார்த்து, "யாருய்யா இது?" என்றார்.

"எங்க அண்ணி" என்றேன்.

புற்றுநோய் உங்களை ஆறே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. நான் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன். அந்தப் பஸ்ஸில் முன்பின் தெரியாத அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள்போல இன்னொன்றைச் சொன்னதில்லை. அவற்றைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.