எலிசோவின் தாழி

அலசானிக் கரை, ககேத்தி
செப்டம்பர் 9

அன்புள்ள லமாராவுக்கு, வாஜா எழுதுவது.

நானும் நம் மகள் எலிசோவும் நலம். கடலுக்கு அப்பால் பாரி நகரத்தில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக்கார அம்மாளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயப்படாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடும், அதனால்தான்.

இந்த வாரம் விடியும்போதெல்லாம் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. திராட்சைக் கொடிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, பழ வாசனை மட்டும் நடமாடுகிறது. மேலே மலைகள் அடிவாரமே இல்லாமல் வெள்ளையாக மிதக்கின்றன. வெயில் ஏறிய பிறகுதான் தரையில் வந்து உட்காருகின்றன. பழங்கள் தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. மேற்கு வரிசையில் இந்த வருடம் குளவிகள் அதிகம், என்னை விசேஷமாகக் கவனித்துக்கொள்கின்றன. இன்னும் மூன்று வாரத்தில் அறுவடை.

முன்னதாகப் பழுத்த திராட்சையின் சாற்றைக் காய்ச்சி, அதில் எலிசோ அக்ரூட் பருப்புச் சரங்களைத் தோய்த்துத் தொங்கவிட்டிருக்கிறாள். “அம்மா செஞ்சா இன்னும் நல்லாருக்கும்னு சொல்லாம தின்னுப்பா” என்று முதலிலேயே என் வாயை அடைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு பீதோ போன திங்கட்கிழமை இறந்துபோனார். எலிசோ பிறந்தபோது அவள் பெயரில் மதுத் தாழி புதைக்கக் குழி தோண்டியவர் அவர்தானே. பையன் பிறந்தால்தான் கல்யாணத்துக்கென்று தாழியில் மது நிரப்பிப் புதைப்பார்கள், இவன் பொண்ணுக்குப் புதைக்கிறான் என்று ஊரே என்னைக் கேலி செய்ததும் உனக்கு மறந்திருக்காது. அன்று நீ கட்டிலில் படுத்தபடியே, “மூடு, வாஜா. அவ கல்யாணத்தன்னிக்கு நான்தான் திறப்பேன்” என்றாய். ஏழு வருடத்துக்கு முன் பஸ் ஏறும்போதும் சொன்னாய்: “அந்தத் தாழி திறக்குற அன்னிக்கு எங்க இருந்தாலும் வந்துடுவேன். பேப்பர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.” அதற்கப்புறம் ஒவ்வொரு போனிலும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்கிறாய்.

பீதோவின் மகனும் வெளிநாட்டில்தான். அங்கே தங்கும் பேப்பர் வரவில்லை, அது இல்லாமல் வந்தால் திரும்பிப் போக முடியாது, அவனும் வரவில்லை. சாவு விருந்தில் அவனுக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது. எல்லோரும் ரொட்டியில் ஒரு சொட்டு மது விட்டு பீதோவை நினைத்துக் குடித்தார்கள். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மது தீர்ந்ததும் உன் அண்ணன் குராம் கண்ணைக் காட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தேன்.

தாழி அறையில் நல்ல குளிர்ச்சி. கழுத்துவரை புதைத்த தாழிகளின் எட்டு மூடிகள் மட்டும் தரையில். நீ இடுப்பில் கயிற்றோடு, செர்ரிப்பட்டைத் தூரிகையோடு தாழிக்குள் இறங்கிக் கழுவியது ஞாபகம் வந்தது. உள்ளே மூச்சு முட்டாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிவதற்காகப் பாடிக்கொண்டே இருப்பாய், தரையே பாடுவது போலிருக்கும். பாட்டு நின்றால் நான் இழுக்க வேண்டும். அதுதான் நம் ஏற்பாடு. ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தினாய். நான் பதறிப்போய்க் கயிற்றை மறந்து தலையை விட்டு, தாழி வாயில் தோள் சிக்கி மாட்டிக்கொண்டேன். “தொப்பைய வெளியில வெச்சுட்டு வந்திருக்கணும், மனுஷா!” என்று உள்ளிருந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு வருகிறதா என்று சாவு விருந்தன்று குனிந்து காது கொடுத்துப் பார்த்தேன். பிறகு மேலே பூசியிருந்த களிமண்ணைத் தட்டி, மூடியைத் தூக்கினேன்.

குராம் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றார். “மாப்ளே, இது போன வருஷத்து மது இல்லையே” என்றார். “தாழி எண்ணிக்கை தப்பிப்போச்சு, மச்சான். லமாரா கதவுலேர்ந்து எண்ணுவா, நான் அந்தக் கோடியில திராட்சை மிதிக்கிற தொட்டியிலேர்ந்து எண்ணுவேன்” என்றேன். ஊரே நம்பிவிட்டது. திறந்த தாழியில் மது நிற்காது என்று மொத்தத்தையும் மொண்டு குடித்தார்கள், எலிசோவின் இருபத்தொரு வருட மது பீதோவோடு போய்விட்டது.

எலிசோ நம்பவில்லை. “உனக்கு எண்ணத் தெரியாதாப்பா?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், “அம்மா வந்தா போதும். வெறும் தண்ணி ஊத்திக்கூட கல்யாணம் பண்ணிக்கிறேன்” என்றாள்.

லமாரா, நான் நான்கு முறை எண்ணினேன். கதவிலிருந்தே எண்ணினேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். வந்து திட்டு.

தாழி திறந்தாயிற்று, காலியாகக் கிடக்கிறது. அறுவடைக்குள் கழுவாவிட்டால் புளித்துக் கெட்டுவிடும் என்பது உனக்குத் தெரியும். எலிசோ இறங்குகிறேன் என்றாள், நான் விடவில்லை. உன் தூரிகையை ஊறப்போட்டிருக்கிறேன்.

திராட்சைக் கொடியில் சிலுவை கட்டிய புனித நினோ உன் வழியைக் காக்கட்டும். பாட்டு நின்று ஏழு வருடம் ஆகிவிட்டது. இழுக்கிறேன், லமாரா. வா.

கயிற்றின் இந்த முனையில்,
உன் வாஜா