பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ என்றான்

சென்ற சனிக்கிழமை கோடை உடுப்புகளை எடுப்பதற்காக அலுமாரியின் மேல்தட்டைக் கிளறியபோது அந்தச் சிவப்புச் சேலை கையில் வந்தது. இடுப்புப் பக்கத்தில் நீ ஓட்டிய தையல் அப்படியே இருக்கிறது. என்னுடைய சேலையை நாடகத்தில் நடிக்க, அப்போது சின்னவளாக இருந்த உன் மகளுக்கு அளவாகச் சுருக்கி, கொசுவத்தை மடித்துப் பிடித்து, பாவாடை போல மாட்டிக் கழற்றும்படி ஆக்கியவள் நீ. நாடகம் முடிந்ததும் பிரித்துத் தருகிறேன் என்றாய். நான்தான் அவசரமில்லை என்றேன். இனிப் பிரித்துத் தர நீ இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் அந்தத் தையல் தொழிற்சாலைக்கு நீ வந்த முதல் நாளே மேற்பார்வையாளர் உன்னை என் பக்கத்து மெஷினில் இருத்தினார். இரண்டு பேரும் இலங்கை, கதைக்க ஆள் கிடைக்கும் என்று அந்த டெனிஷ்காரருக்கு நினைப்பு. எனக்கோ, நீ சிங்களத்தி என்று பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக் கூரையை உடைத்த ஷெல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை நான் மறந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வரை உனக்கு முகம் கொடுக்கவில்லை. நீ உன் பாட்டுக்குப் பெட்டியைத் திறந்து, "அக்கா, கொஞ்சம் சம்பல் வைக்கவா?" என்று தமிழில் கேட்டாய். புத்தளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் மீனவக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது. சம்பலை வாங்கினேன். உறைப்பு மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு என்னோடு சேர்ந்து உன் தமிழும் யாழ்ப்பாணத்துப் பக்கம் சாய்ந்தது.

ஊரிலும் நீ தையல்காரிதான். கொழும்புக்கு வடக்கே வர்த்தக வலயத்தில், விடுதி அறை ஒன்றில் நெருக்கியடித்துப் படுத்து, வெளிநாட்டுக்காரருக்குச் சட்டை தைத்தவள். அந்த வேலைக்குப் போன பெண்களைப் பற்றி உங்கள் ஆட்கள் என்னவெல்லாம் கதைப்பார்கள் என்று நீ சொல்லித்தான் அறிந்தேன். மணமகள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் போடுகிறவர்கள், கார்மென்ட் பெண்கள் வேண்டாம் என்றும் சேர்த்துப் போடுவார்களாம். "நாங்க தைச்ச சட்டை நாட்டுக்குக் காசு கொண்டு வரும் அக்கா. எங்களைத்தான் ஒருத்தரும் வீட்டுக்குள்ள எடுக்க மாட்டினம்" என்று ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாய். எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது?

அந்த விடுதி ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த மாணவன்தான் பிறகு உன் புருஷனானவன். உன் சம்பளத்தில் படித்தான். உன் தகப்பன் இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்ன பிறகும் அவனோடு நின்றாய். அவன் டென்மார்க்குக்குப் படிக்க வந்தான். நீ பின்னால் வந்தாய். காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்து, பகலில் தைத்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்தாய். அவன் காற்றாலை செய்யும் கம்பனி ஒன்றில் எஞ்சினியர் ஆனான். கழுத்தில் கம்பனி அட்டை தொங்கத் தொடங்கியதும் நீ அவனுக்குப் பொருத்தமில்லாமல் போனாய். விருந்துக்குக் கூட்டிப் போக வெட்கமாம். விவாகரத்து முடிந்த கையோடு ஊருக்குப் போய், சாதகம் பார்த்து, கண்டிப் பக்கம் நல்ல குடும்பத்தில் பெண் எடுத்து வந்தான்.

அதோடு விட்டானா? பிள்ளைகளையும் கேட்டான். உங்கள் சிங்களச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் இருவர் உன் குசினியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்களாம். பிள்ளைகள் தகப்பனிடம் வளர்வதுதான் அழகு, அங்கே வீடு இருக்கிறது, இப்போது ஒரு குடும்பமும் இருக்கிறது, நீ இளம் வயது, உன் வழியைப் பார்த்துக்கொள் என்று. அடுத்த நாள் வேலைக்கு வந்து ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டாய். அதைப் பார்த்துத்தான் உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

குவேனியின் கதையை நீ எனக்கு முழுதாகச் சொன்னது அந்தக் கிழமையில்தான். பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருந்தேன். விஜயன் எழுநூறு தோழர்களோடு வந்து இறங்கினான், குவேனியை மணந்தான், பிறகு மதுரை இளவரசியை மணந்து அரசனானான். பாடத்தில் குவேனி வந்த கையோடு போய்விடுவாள். எங்கே போனாள் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீயோ அவன் வந்து இறங்கிய அந்தக் கரையில் வளர்ந்தவள். அடுத்த வீட்டில் நடந்தது போலச் சொன்னாய். அவள் மரத்தடியில் இருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாளாம். வந்தவன் வாளை ஓங்கித்தான் அவளைப் பிடித்தானாம். அவனுக்கும் ஆட்களுக்கும் சோறு கொடுத்தாள். தன் இனமான இயக்கர்களை எப்போது எப்படி அடிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தாள். இரண்டு பிள்ளைகள் பெற்றாள். முடிசூட வேண்டிய நேரம் வந்தபோது அவனுக்கு அரச குலத்துப் பெண் தேவைப்பட்டது. பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ என்றான். அவள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தன் சனத்திடமே போனாள். காட்டிக்கொடுத்தவள் திரும்பி வந்திருக்கிறாள் என்று ஒரே அடியில் கொன்றார்கள். பிள்ளைகள் காட்டுக்குள் ஓடின.

"நாங்க எல்லாரும் விஜயன்ட பரம்பரை எண்டு பெருமை கதைப்பம். அவள்ட பரம்பரை எண்டு ஆரும் சொல்ல மாட்டினம்" என்றாய். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, கடைசியில் வந்து இடத்தைப் பிடித்தவள் உங்கள் தமிழிச்சிதானே என்று சீண்டினாய்.

எனக்குச் சுருக்கென்றது. யானையோடும் முத்தோடும் சேர்த்து அந்த மதுரைப் பெண்ணையும் அல்லவா கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்? "அவளை ஆரும் கேட்டோ அனுப்பினவை?" என்றேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய்.

அந்தச் சித்திரையில் உங்கள் சங்கம் புதுவருட விழாவுக்கு விஜயன் வருகையைப் பிள்ளைகளின் நாடகமாகப் போட்டது. நாடகம் பழக்கிய பெரியவர் உன் மகளைக் குவேனியாக்கினார். காரணத்தை அவர் மறைக்கவும் இல்லை. பிள்ளை கறுப்பு, இயக்கி வேஷத்துக்கு மை பூசத் தேவையில்லை என்று சொல்லிச் சிரித்தார். இளவரசிக்கு வெள்ளைத் தோல் பிள்ளை ஒன்று. உடுப்பெல்லாம் நீதான் தைத்தாய், அந்த இளவரசிக்கும் சேர்த்து. உனக்கென்ன விசரா என்று நான் ஏசினேன். மகள் மேடையில் வடிவாக நிற்க வேண்டும், மற்றவர்களுக்குத் தைத்தால்தான் அவளுக்கும் என் விருப்பப்படி தைக்க விடுவார்கள் என்றாய்.

சேலை கொடுத்த பாவத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இருத்தி, வெற்றிலைக் கொத்துத் தந்து, இளவரசியின் ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்று ஒலிபெருக்கியில் டெனிஷிலும் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்த நான் மதுரையைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. அவர்களுக்குத் தமிழிச்சி என்றால் எல்லாம் அக்கரையிலிருந்து வந்ததுதான். எழும்பித் திருத்தலாமா என்று பார்த்தேன். என் பக்கத்துக் கதிரைகளில் அவனும் அவனுடைய புதுப் பெண்சாதியும் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழும்பாமல் இருந்துவிட்டேன். பயந்த முகம், கையிலிருந்த கைக்குட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

விஜயனாக நின்ற பையன் பாடமாக்கியதைச் சிங்களத்தில் சொன்னான்; நீ முன்பே சொல்லியிருந்ததால் எனக்கு விளங்கியது. பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ. உன் மகள் கையில் இருந்த இரண்டு பொம்மைகளையும் தரையில் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். அவளுக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது. அவள் வைக்கவில்லை. போகவும் இல்லை. பெரியவர் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டினார், பல்லைக் கடித்தார். அவள் மெல்ல முன்னால் வந்து, மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு பொம்மைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் முடிசூட்டு விழா நடந்தது. சபையில் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவராலும் சிரிக்க முடியவில்லை. நீ திரைக்கு அருகில் நின்றாய். நீ சொல்லிக் கொடுத்ததா என்று பிறகு கேட்டேன். இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

நாடகம் முடிந்து நீ மண்டபத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது அவனுடைய புதுப் பெண்சாதி உள்ளே வந்தாள். அவன் அவளிடம், முதல் பெண்சாதி பிள்ளைகளை விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள் என்று சொல்லித்தான் கட்டியிருக்கிறான். அவள் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்களா, போகச் சொன்னார்களா? நீ பதில் சொன்னாய். அவளை ஏசவில்லை, சபிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மிச்சக் கோப்பைகளையும் கழுவினீர்கள். அதைச் சொன்னபோது, "கதையில அவை ரெண்டு பேரும் ஒருநாளும் சந்திக்கேல்ல அக்கா" என்றாய்.

பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று அரசாங்க அலுவலகத்தில் விசாரித்தபோது, அந்த வீட்டுப் பெண் என்று அவளையும் கேட்டார்கள். பிள்ளைகள் தாயிடம்தான் இருக்க வேண்டும், எனக்குச் சொல்லப்பட்டது பொய் என்று அவள் அவனை வைத்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் உன்னிடம் நின்றார்கள். நீ என் வீட்டுக்கு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதாய். உன் மகன் என் குளிர்பெட்டியைத் திறந்து யோகட் எடுத்துச் சாப்பிட்டான்.

ஆனால் அவளுடைய விசா அவனோடு ஒட்டியிருந்தது. அடுத்த குளிர்காலம் வரும் முன்பே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். கண்டியில் அவளுடைய நல்ல குடும்பம், புருஷன் திருப்பி அனுப்பியவள் என்று பின்னறை ஒன்றைக் கொடுத்தது. தங்கைக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்தால் அவள் வெளியே தலை காட்டக் கூடாதாம். நீ ஞாயிறு தவறாமல் அவளுக்குத் தொலைபேசி எடுத்தாய். எடுத்த பிறகு முகத்தைப் பார்க்க முடியாது. "நான் தப்பினதுக்கு அவள் விழுந்திட்டாள்" என்பாய். தள்ளிவிட்டவன் அவன், அவனை ஏசு என்பேன். கேட்கமாட்டாய்.

பிறகு உனக்கு அந்த நோய். மருந்து ஏற்றிய நாட்களில்கூட மகனுக்குப் பதினெட்டு ஆகும் வரை என்னை வைத்திருந்தால் போதும் என்று யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாய். புத்தரும் கேட்கவில்லை, நான் நேர்ந்த பிள்ளையாரும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு அவன் கறுப்புக் கோட்டோடு வந்து முன்னால் நின்றான். பேசிய பெரியவர் உன்னைப் பொறுமையின் உருவம், ஒருவரையும் ஒரு சொல் சொல்லாதவள் என்றார். எனக்கு எழும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது. உன் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குப் பதினெட்டு, அவளை யாராலும் கேட்க முடியாது. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மகனுக்குப் பதின்மூன்றுதான். அவனைத் தகப்பன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எத்தனை வருடம் நீ கட்டிக் காத்தாய்! ஒரு பின்னேரத்தில் உடுப்புப் பையோடு காரில் ஏற்றிவிட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்டிக்குச் செய்தி சொல்ல மகளும் நானும் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசினோம். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். செய்தியைக் கேட்டதும் அந்தப் பெண், மகன் யாரிடம் என்றுதான் கேட்டாள். தகப்பனிடம் என்றோம். அப்படியென்றால் அவனுக்குத் தாயைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதைத்தான் சொன்னார் என்றாள்.

அவள் சொன்னது சரி. அக்காளைப் பார்க்க மகன் இடைக்கிடை என் வீட்டுக்கு வருகிறான். உயரமாகிவிட்டான், குரல் உடைந்துவிட்டது, முன்பு போலக் குளிர்பெட்டியைத் திறப்பதில்லை. போன முறை வந்தபோது அக்காள் குளியலறையில் இருக்கும் நேரம் பார்த்து என்னிடம் டெனிஷில் கேட்டான். நான் சின்னவனாக இருந்தபோது அம்மா எங்களை விட்டுவிட்டுப் போனாரா, அப்பா அப்படித்தான் சொல்கிறார் என்று.

அவனைக் கதிரையில் இருத்தினேன். குவேனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டெனிஷில் சொன்னால் என் வாய்க்குச் சரியாக வராது என்று தமிழில் சொன்னேன்; உன் மகனுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும்.

"போகச் சொன்னவை அப்பு. அவ போகேல்லை."

அவன் இன்னொருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டான். சொன்னேன். இனியும் கேட்பான், தகப்பன் வேறு மாதிரிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு மூச்சு இருக்கும் வரை சொல்வேன்.