மாமாவின் பெயரில் நிற்கும் அப்பாவுக்கு

என் அன்பு அப்பாவுக்கு,

கடிதம் எழுதச் சொன்னால் தலையிடி என்று போய்ப் படுத்துவிடுகிற உங்கள் மகள்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல வாய் வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன்.

முதலில் இங்கத்தைய புதினம். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நீங்கள் தேநீர் குடிக்கிற கடை இப்போது கைபேசிக் கடையாகிவிட்டது. முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னமும் முறிக்கிறார்கள், கடைக்காரரிடம் ஏச்சும் வாங்குகிறார்கள். உங்கள் பேத்தி ஆரணி பல்கலைக்கழகம் போகிறாள். நான் தமிழில் கேட்க, அவள் பிரெஞ்சில் பதில் சொல்ல, வீட்டில் இரண்டு வானொலிகள் ஒரே நேரத்தில் பாடுவது போல இருக்கிறது.

போன கோடையில் அவளும் நானும் தீவுக்குப் போனோம். நீங்கள் பிறந்த தீவு அல்ல. பிரான்சுக்கு வந்த புதிதில், குளிர்காலம் முழுக்கச் சிப்பி வேலைக்கென்று போய்விடுவீர்களே, அந்த அத்திலாந்திக் கரைத் தீவு. கடலில் குளிக்கலாம் என்று ஆசைகாட்டித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போய் இறங்கிய நாளிலிருந்து மழை. அதனால் நீங்கள் அங்கே செய்ததையே நாங்களும் செய்தோம். மியூசியம் மியூசியமாக ஏறி இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் மியூசியத்துக்குள் போய்விடுவேன், அங்கேதான் சூடாக இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் அதைப் பகிடி என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு சின்னத் தீவுக்கு அத்தனை மியூசியமா என்று அந்த நாளில் நானும் நம்பவில்லை. பழைய பள்ளிக்கூட அறை ஒன்றில் அந்தக் காலத்துப் பெண்களின் வெள்ளைத் தொப்பிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகு நின்ற கொட்டிலில் அந்தப் படகும், அதில் போய்த் திரும்பி வராதவர்களின் படங்களும் இருக்கின்றன. இன்னொன்று யாருடையதோ வீட்டு முன்னறை. கிழிந்த வலை, தானியம் அரைக்கிற கல், பல் வைத்தியரின் நாற்காலி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துவிட்டார்கள். பின்னேரத்தில் மட்டும் திறக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் மேசையில் இருப்பார். எங்களைக் கண்டதும் ஆள் கிடைத்த சந்தோசத்தில் எழும்பிவந்து ஒவ்வொன்றாக விளக்குவார்.

"உடைஞ்ச துடுப்புக்குக் கீழையும் அது ஆருடைய துடுப்பெண்டு பேர் எழுதி வைச்சிருக்கிறான்கள், பிள்ளை" என்று நீங்கள் ஆச்சரியப்பட்டது நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தபோது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு தையல் ஊசிப் பெட்டிக்குக்கூட அதை வைத்திருந்த பெண்ணின் பெயர், கணவரின் பெயர், வீடு இருந்த ஒழுங்கை எல்லாம் எழுதியிருந்தார்கள். ஆரணி ஒவ்வொரு அட்டையையும் விடாமல் வாசித்தாள். எனக்கோ கால் உளைந்தது.

கடைசி நாள் சிப்பி மியூசியத்துக்குப் போனோம். அது நீங்கள் வேலை செய்த கொட்டில் என்று உள்ளே போகும்வரை எனக்குத் தெரியாது. முதலாளி காலமானபின் பிள்ளைகள் தொழிலைத் தொடரவில்லையாம். கொட்டிலை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சிப்பிகளைப் பருமன் பார்த்துப் பிரிக்கிற நீள மேசை, தடித்த கையுறைகள், மரக்கூடைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பின்சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். வேலையாட்கள் வரிசையாக நிற்கிறார்கள். வலது ஓரத்தில், கம்பளித் தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக, குளிருக்குத் தோளை உயர்த்திக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். என்னைவிட வயது குறைந்த அப்பாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்தின் கீழே எல்லோருடைய பெயரும் வரிசையாக இருந்தது. உங்கள் காலடியில் இருந்தது மாமாவின் பெயர்.

எந்த மாமா என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு இரத்தச் சொந்தம் இல்லை. உங்களோடு ஒன்றாகப் பயணம் வந்தவர், நீங்கள் மச்சான் என்று கூப்பிடுகிறவர். உங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்த காலம் அது. மாமாவுக்கு வதிவிட அட்டை கிடைத்திருந்தது. அவர் பாரிசில் ஓர் உணவகக் குசினியில் பதிவில்லாமல் வேலை செய்ததால் அந்தக் கார்ட் சும்மா கிடந்தது. நீங்கள் அதை வாங்கிக்கொண்டு தீவுக்குப் போய் அவராக வேலை செய்தீர்கள். எங்கள் முகங்களைப் பிரித்துப் பார்க்க வெள்ளைக்காரருக்கு அப்போது பொறுமை இருக்கவில்லை. உங்களைப் போல எத்தனை பேர் அப்படி இன்னொருவராக வேலைக்குப் போனார்கள் என்று லா சப்பலில் எந்த மேசையில் கேட்டாலும் சொல்லுவார்கள்.

நான் நின்ற நிலையைக் கண்டுதானோ என்னவோ, மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் பக்கத்தில் வந்தார். வயதானவர், நல்ல மனுசி. இவர் உங்கள் நாட்டுக்காரர், கெட்டிக்கார வேலையாள் என்று கேள்வி, முதலாளியின் மகள்தான் பெயரை ஞாபகம் வைத்துச் சொன்னார், அதைவிட எங்களிடம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு கேட்டார், இவரைத் தெரியுமா என்று.

தெரியாது என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அப்பா. படத்தைக் காட்டி இவரைத் தெரியுமா என்று ஊரில் ஆமிக்காரன் கேட்டால், தெரியாது. பாரிசில் யாராவது கதவைத் தட்டி, எங்கள் தபால்பெட்டியில் இருக்கிற பெயருக்குரியவர் எங்கே என்று கேட்டால், தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிக்க முன்னமே நீங்களும் அம்மாவும் எனக்குப் பழக்கிய சொல் அது. இன்றைக்கு எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்து மற்றவர்களின் பேப்பர்களைச் சரிபார்க்கிறதே என் வேலை. அப்படியிருந்தும், பொலிசுக்குச் சொல்லப் பழகியதை அந்த மனுசியிடம் சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டேனா? ஆரணி பின்னால் வந்து, இவர் அம்மப்பாவைப் போல இருக்கிறாரே என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, வேறு யாரோ, வாசித்துப் பார் என்றேன். முதல் தடவை வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்ல? அவள் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டாள். ரயிலில் வரும்போது நான் கொடுத்த சாப்பாட்டையும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே உங்கள் படத்துக்கு முன்னால் போய்க் கைபேசியைப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டிலும் இடது காது மடல் ஒரே மாதிரி மடிந்திருந்தது. என் பிள்ளை கோபம் வந்தால் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இது அம்மப்பாதான். அவர் இந்த வேலை செய்தது உங்களுக்கு வெக்கமா?"

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். உங்களை நினைத்து நான் வெட்கப்பட்டதாக என் மகள் நம்பியிருக்கிறாள். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? கார்ட், மாமா, தபால்பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, உடனே மியூசியத்துக்கு எழுதிப் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும் என்று நின்றாள். மாமாவைக் கேட்காமல் முடியாது என்றேன்.

சனிக்கிழமை மாமா வழமைபோல, தான் இருக்கிற புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து லா சப்பலுக்கு மரக்கறி வாங்க வந்தார். அவரை இடியப்பக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"கொப்பர் என்ர பேரிலை நல்ல வடிவாத்தான் நிக்கிறார்" என்று சிரித்தார்.

ஆரணி விசயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. கடையில் யாருக்கும் எங்களைக் கவனிக்க நேரமில்லை. இருந்தும் மாமா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குளிர்காலங்களின் வேலையும் அவருடைய ஓய்வூதியத்தில் சேர்ந்திருக்கிறதாம், வெளியில் தெரிந்தால் சிக்கலாம்.

"குளிருக்கை நிண்டவன் அவன். பென்சன் எடுக்கிறது நான்" என்றார்.

ஓய்வூதியம் வரத் தொடங்கிய நாளில் உங்கள் பங்கு என்று ஒரு கடித உறையோடு வந்தாராம். பேரைத் தந்தாயே, அது போதும் என்று ஏசித் துரத்திவிட்டீர்களாம். உண்மையா அப்பா? இதை ஏன் எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை?

ஒரு சின்ன மியூசியத்தின் சுவரை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று ஆரணி வாதாடினாள். மாமா என் கையைப் பிடித்தார்.

"நான் கண்ணை மூடின பிறகு மாத்து, பிள்ளை. அதுவரைக்கும் அப்பிடியே விடு."

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாவின் முகத்துக்குக் கீழே இவர் பெயர் எதற்கு என்று இருந்தது. ஆனால் பிடிபட்டால் தானும் திருப்பி அனுப்பப்படலாம் என்று தெரிந்துதானே அன்றைக்கு அவர் அந்தக் கார்ட்டை உங்களிடம் தந்தார்? ஓம் மாமா என்றேன். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அவர் பெயரும் இல்லை, தீவின் பெயரும் இல்லை. யாரும் துப்பறியத் தேவையில்லை, ஆர்ஜொந்தெயில் மாமாக்களுக்கா பஞ்சம்.

இவ்வளவும் எழுதியது இனிச் சொல்லப்போவதற்காகத்தான்.

இந்தக் குளிரில் மாமாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கி ஆசுப்பத்திரியில் வைத்தார்கள். மகன் போன் எடுத்துச் சொன்னதும் ஓடிப்போனேன். மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மகன் கோப்பி குடிக்கக் கீழே போக, நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருந்து என்ன செய்தேன் தெரியுமா? மியூசியத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தேன். மதிப்புக்குரிய அம்மையாருக்கு, உங்கள் படத்தில் வலது ஓரத்தில் நிற்பவர் என் தந்தை, அவருடைய சரியான பெயர் இது. கடைசியில் நன்றி சொல்லுகிற வரிவரைக்கும் வந்துவிட்டேன். நல்ல சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தேன், அப்பா.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டனியே, பிள்ளை?"

ஓம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்காகத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. உங்கள் பெயருக்காக ஒரு மனிதரின் சாவைக் காத்திருக்கிற பெண்ணாகவா என்னை வளர்த்தீர்கள்? நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருக்கமாட்டீர்கள். ஒன்றும் கதைக்காமல் எழும்பி அடுத்த அறைக்குப் போயிருப்பீர்கள். அது ஏச்சைவிட மோசம்.

மாமா எழும்பிவிட்டார், பயப்படாதீர்கள். போன சனிக்கிழமை லா சப்பலில் கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவருடைய இலக்கம் கைபேசியில் வரும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. இதை ஆரணியிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் அறைக்குள் போய்விட்டாள். அடுத்தநாள் காலையில் வந்து, தனக்கு அவசரம் இல்லை, காத்திருக்கலாம் என்றாள். அவளுடைய வயதுக்கு அப்படிச் சொல்லலாம். எனக்குத்தான் பழக வேண்டியிருக்கிறது.

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்னும் கொஞ்சக் காலம் மாமாவின் பெயரிலேயே நில்லுங்கள். அந்தப் பெயரில் நின்றுதான் எங்களுக்குச் சோறு போட்டீர்கள். இப்போது அதே பெயரில் நின்று மாமாவுக்குச் சோறு போடுங்கள். அவர் நூறு வயதுவரை இருக்கட்டும். ஆசுப்பத்திரிக்குப் போன அன்றைக்கு இதை எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். இன்றைக்கு மனதோடுதான் எழுதுகிறேன்.

நான் தருகிற வாக்கு இதுதான். ஒவ்வொரு கோடையிலும் நானோ ஆரணியோ தீவுக்கு வந்து, டிக்கெட் எடுத்து, உங்கள் படத்துக்கு முன்னால் நிற்போம். அந்த மனுசி மறுபடியும் பக்கத்தில் வந்து இவரைத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்பேன். பெயரைக் கேட்டால் சொல்லமாட்டேன். நன்றாகத் தெரியும் என்று மட்டும் சொல்லுவேன்.

உங்கள் பெயர் என் பெயருக்கு முன்னால் வருவதால், கையெழுத்தைப் போடாமல் முடிக்கிறேன்.

உங்கள் மூத்த மகள்