கத்தினவனைக் கத்த விட்டிருக்கலாம்

என் சேகருக்கு,

“நாப்பது பசங்களை எப்படிக்கா வாயே தொறக்காம உட்கார வைக்கிறே?” என்று ஒருமுறை கேட்டாய். “எழுந்து நின்னு ஒரு அதட்டல், அவ்வளவுதான்டா” என்றேன் பெருமையாக. “என் பொழப்பு அதுக்கு நேர்மாறு” என்று சிரித்தாய். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

தி. நகர் ஹோட்டல் பாரில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்ல உனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கூட்டம் சிரித்தால் வாராவாரம் கூப்பிடுகிறேன், இல்லையென்றால் இதோடு சரி என்றிருந்தார் மேனேஜர். மூன்று வேலைகளைத் தொலைத்திருந்த உனக்கு மிச்சம் அது ஒன்றுதான். ரிடையர் ஆன பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பாருக்குள் நுழைந்து, எலுமிச்சைச் சாற்றோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

“எங்க அக்கா டீச்சர் சார். வீட்டுல பசிக்குதுன்னாகூட கையைத் தூக்கிட்டுத்தான் சொல்லணும்.” இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்ததற்கு யாருமில்லை. முன்மேஜையிலிருந்து ஒருவன் கத்தினான்: “இன்னா நைனா, ஜோக்கு எப்போ வரும்? பஸ் ஸ்டாப்புல நின்னுகினு கீற மாரி கீது!” பார் முழுக்கச் சிரிப்பு. உன் நெற்றியில் வியர்வை.

கரும்பலகையில் ஒரு பையன் பாதிக் கணக்கில் நின்றால், சாக்பீஸை வாங்கி நானே முடித்துவிடுவேன். அதே வழக்கம். எழுந்துவிட்டேன். “யார் அது? கையைக் கட்டிட்டு உட்காரு!”

திரும்பினவன் மோகன், என் பழைய ஏழாம் வகுப்பு மாணவன். “சாரி மிஸ்” என்று நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டான். அதன்பின் ஒரு சத்தமில்லை. நீ பேசி முடிக்கும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் நிற்கும்போது யார் சிரிப்பார்கள்?

மேனேஜர் அதன்பின் உன்னைக் கூப்பிடவில்லை. நாலு மாதத்தில் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் “ஒரு ஜோக் சொல்லுடா” என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்படியே போயும்விட்டாய்.

போன வாரம் மோகன் வீட்டுக்கு வந்தான். “அன்னிக்கு அவரு எனக்குப் பதில் சொல்ல வாயத் தொறந்தாரு மிஸ். கண்ணுல அப்பிடி ஒரு சிரிப்பு. அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க.”

நீ ஜோக் எழுதி வைக்கும் நோட்டைத் தேடி எடுத்தேன். அன்று மோகன் கத்தின அதே இடத்தில் எழுதி வைத்திருக்கிறாய்: ‘இங்கே எவனாவது கத்துவான். கத்தட்டும். இனிமேல்தான் ஆரம்பம்.’ கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது.

என்ன சொல்ல இருந்தாய், சேகர்? அரிசி களையும்போது தேடுகிறேன், மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடக்கும்போது தேடுகிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லையே. நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் பிறந்தநாளன்று நம் கூடத்தில் அந்த நோட்டை நின்று வாசிக்கப் போகிறேன். கத்துவதற்கு மோகன் வருகிறான். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போவது நான். இது சத்தியம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்களுக்கு வேண்டியவர் நாலு பேர் முன்னால் தடுமாறினால், எழுந்திருக்காமல் மனதுக்குள் பத்து எண்ணிப் பாருங்கள்.

உன்னைப் பேச விடாத
உன் அக்கா