மேடையோரக் கமரா

1986 நவம்பர், ஞாயிறு. லாங்கன்தால், சுவிஸ்.

லண்டனிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஊரின் யுத்த நிலைமையைப் பற்றிப் பேசுவதற்காக, இன்று தேவாலய மண்டபத்தில் நான்தான் கதிரைகளை அடுக்கினேன். வீடியோக் கமராவைக் கலியாண வீட்டில் வைப்பதுபோல மேடையோரம், சனத்தைப் பார்த்தபடி வைக்கக் கமராக்காரரிடம் சொன்னதும் நான்தான். மடத்தனம்.

வந்தவர்கள் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"இருங்கோவன் அண்ணை" என்றேன்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் செல்வம் அண்ணை காதுக்குள் சொன்னார்: "உந்த வீடியோக் கசற் ஆரின்ர கைக்கெல்லாம் போகுமோ ஆருக்குத் தெரியும்? ஊரிலை எங்கட சனம் இருக்கெல்லோ?"

கமராவைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பேச்சாளரை மட்டும் பிடிக்கச் சொன்னேன். பிறகுதான் எல்லோரும் இருந்தார்கள். பேச்சு நன்றாகவே நடந்தது. கமராக்காரர் கசற்றோடு சூரிச்சுக்குப் போய்விட்டார். நாளைக்கே பிரதி எடுத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பாராம்.

படுத்த பிறகுதான் நினைவு வந்தது. சனம் வருமுன் மைக்கைச் சோதித்தபோது, பகிடிக்காக என் முழுப்பெயரையும் ஊரையும் அம்மா இருக்கும் ஒழுங்கையின் பெயரையும் சொன்னேன். கமராக்காரர் ஓடிக்கொண்டிருந்த கமராவை என் பக்கம் திருப்பினார்.

"முகம் நல்லா விழுது, இன்னும் சொல்லுங்கோ" என்று சிரித்தார்.